கோட்டின் நீளம்

ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், 1965-ல் திறக்கப்பட்ட 'புத்தக ஆலய'த்தின் வெள்ளைக் கூரை ஜாடி மூடி போலிருக்கும். சாக்கடல் சுருள்கள் கிடைத்த ஜாடிகளின் நினைவாக.

7.34 மீட்டர் நீள ஏசாயா சுருளில், 'இல்லை' என்பதற்கான ஈரெழுத்து எபிரேயச் சொல் பல இடங்களில் மூன்றெழுத்தாக இருக்கிறது. பொருள் மாறாது, மொழிபெயர்ப்பாளர் நிம்மதியாகத் தாண்டிப் போகலாம்.

22-ம் சங்கீதத்தில் அது நடக்காது. யூத மரபுப் பிரதியில் ஒரு சொல்லின் கடைசி எழுத்து யோத். பொருள் 'சிங்கம் போல'. நஹல் ஹெவர் சுருளிலோ அது வாவ். 'குடைந்தார்கள்' என்று படிக்கிறார்கள் பலர். ஒரு சிறு கோடு நீண்டால் யோத் வாவ் ஆகிவிடும். கைகால்களில் ஆணி அறைந்ததை முன்னறிவித்த வரியா, இல்லையா என்ற நெடுங்காலச் சண்டை இந்தக் கோட்டில்தான். தமிழ் வேதாகமம் 'குத்தினார்கள்' கட்சி.

அதே சுருளில், அடுத்த சொல்லான 'என் கைகள்' என்பதில் ஓர் எழுத்து வேண்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே கைதவறிய எழுத்தரை இங்கே மட்டும் நம்புவதா?