அப்பாவின் கணக்கு

என் தந்தையார் அரிசி மண்டி ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பக்கம் நிறைய எண்கள் இருந்தாலும், மேலிருந்து கீழே ஒருமுறை விரலை ஓட்டிக் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுவார். “மனித மூளையை விஞ்சும் கணினி இல்லை” என்று வகுப்பில் நான் பெருமை பேசியதெல்லாம் அவரை மனத்தில் வைத்துத்தான்.

சென்ற ஆண்டு அவரைப் பக்கவாதம் தாக்கியது. நடை திரும்பியது, கணக்குத் திரும்பவில்லை. ஏழையும் எட்டையும் கூட்டத் திணறினார். “விடுங்க தாத்தா, அதுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கே” என்றான் என் மகன். அப்பாவின் முகம் வாடிப்போயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கூட்டல் கழித்தலின் வேகத்தில் மூளை என்றோ தோற்றுவிட்டது. 2022-இல் உலகில் முதலிடம் பெற்ற அமெரிக்காவின் ஃபிரான்டியர் கணினி, நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைச் செய்தது. அதற்கு வேண்டியிருந்த மின்சாரமோ சுமார் 2 கோடி வாட். நம் மூளைக்குச் சுமார் 20 வாட் போதும். ஒரு சிறு விளக்கு எரியும் அளவு!

2013-இல் ஜப்பானின் ‘கே’ கணினியில், 82,944 செயலிகளைக் கொண்டு 173 கோடி நரம்புச் செல்களின் இயக்கத்தைப் போலச் செய்து பார்த்தார்கள். ஒரு நொடி இயக்கத்துக்கு 40 நிமிடங்கள் பிடித்தன. மனித மூளையில் உள்ள செல்களோ ஏறத்தாழ 8,600 கோடி.

ஆயினும் என் தந்தைக்கு ஆறுதல் தரும் செய்தி இந்த எண்களில் இல்லை. கணினியில் நினைவகம் ஓரிடம், செயலி வேறிடம். மூளையில் செல்களுக்கு இடையிலான இணைப்புகளே நினைவும் தாங்குகின்றன, வேலையும் செய்கின்றன. பழகப் பழக அவை மாறுகின்றன. பக்கவாதத்தில் மடிந்த செல்கள் மீள்வதில்லை. ஆனால் பிழைத்தவை புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பகுதியை ஏற்கக்கூடும். அதற்குப் பயிற்சி வேண்டும். பக்கத்தில் பொறுமையுள்ள ஒருவரும் வேண்டும்.

கணக்குத் திரும்பாமலே போகலாம். அதனால் அவர் எங்களுக்குக் குறைந்தவராகிவிடுவாரா? மனிதனின் பெருமையை வேகத்தில் தேடி, என் மாணவர்களுக்கும் அதையே கற்பித்துவிட்டேனே என்று வருந்துகிறேன்.

இப்போது மாலைதோறும் திண்ணையில் தாத்தாவும் பேரனும் புளியங்கொட்டைகளோடு அமர்கிறார்கள். நேற்று ஏழும் எட்டும் பதினான்கு என்றார் அப்பா. என் மகன் திருத்தவில்லை.

“இன்னொரு தடவை எண்ணலாம், தாத்தா” என்றான்.