மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்

"நோயாளி உரிய நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்" என்றது அரசின் எதிர் உறுதிமொழிப் பத்திரம். அதில் பொய் இல்லை. பிரசவம் முடிந்தும் அந்தப் பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. தாலுகா மருத்துவமனையில் ரத்தம் இல்லாததால், 108 வண்டியை வரவழைத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அன்றிரவு மயக்க மருந்து டாக்டர் இல்லை. இன்னொரு சீட்டு எழுதி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

என்னைப் பார்க்க வந்த கணவர் நஷ்டஈடு பற்றி எதுவும் பேசவில்லை. "அங்க டாக்டர் இல்லேன்னு இவங்களுக்குத் தெரியாதுங்களா மேடம்?" என்றுதான் கேட்டார். வழக்கு முழுவதையும் அந்தக் கேள்வியின் மேல்தான் கட்டினேன்.

அரசு மருத்துவமனை எல்லோருக்கும் இலவசமாகவே தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. அதனால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். கைகொடுத்தது, மேற்கு வங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு. 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை, மதுராப்பூர் ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி கொல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் வரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை கிடைத்தது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன நீதிமன்றம், படுக்கை எங்கே இருக்கிறதோ அங்கே நோயாளியை நேராக அனுப்ப ஒரு மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் கூறியது. அந்தப் பத்தியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன்.

ஆம்புலன்ஸில் வந்த அவசர மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.) எழுதிய பதிவேடு எங்களுக்குக் கிடைத்தது. ரத்த அழுத்தம் படிப்படியாக இறங்கியதும், வண்டி மாவட்ட மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்ததும் அதில் இருந்தன. ரெஃபரல் சீட்டுகள் இரண்டிலும் டாக்டரின் கையெழுத்து இருந்தது. எதிர்முனையில் யாரிடம் பேசினார்கள் என்று மட்டும் இல்லை. "அனுப்பும் முன் யாருக்குப் போன் செய்தார்கள்?" என்று நீதிபதி கேட்டார். அரசு வழக்கறிஞர் அவகாசம் வாங்கினார். அடுத்த வாய்தாவிலும் பதில் வரவில்லை.

ராத்திரி முழுக்க தனியாளாக வார்டைப் பார்க்கும் டியூட்டி டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்படியான உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிரைக் கொண்டுபோய்விடும். டாக்டர் இருக்கிறாரா, ரத்தம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் வண்டி நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கும். நாளைக்கே ஹெலிகாப்டர் கொடுத்தாலும், இறங்கும் இடத்தில் ஆள் தயாராக இல்லையென்றால் அதுவும் இன்னொரு வாசலில் போய்த்தான் நிற்கும்.

இழப்பீடு கிடைத்தது. ஏற்றுக்கொள்ளும் டாக்டரின் பெயரையும் அவரிடம் பேசிய நேரத்தையும் ரெஃபரல் சீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற எங்கள் இரண்டாவது கோரிக்கையை, அரசு பரிசீலிக்கலாம் என்று சொல்லி நீதிமன்றம் முடித்துவிட்டது. "பணம் வந்திருச்சு, அந்த ரெண்டாவதுக்கு என்ன பண்ணலாம்?" என்றார் கணவர். மேல்முறையீடு செய்தோம். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.