சிகாகோவில் ஓர் ஒற்றைக் காதுப் பூனை

சிகாகோ என்றால் நம்மவர்களுக்கு விவேகானந்தரும் 1893-ஆம் வருஷத்து சர்வமத மகாசபையும் ஞாபகத்துக்கு வரும். எனக்கோ இனிமேல் ஒரு பீங்கான் பூனைதான் வரும். அதுவும் ஒற்றைக் காதுப் பூனை!

நகரத்தை ஒட்டிய ஒரு பேட்டையில், வயதான தம்பதிகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி ஆனதும் அந்த அம்மாள், "கீழே வாருங்கள், என் பொக்கிஷத்தைக் காட்டுகிறேன்" என்று நிலவறைக்கு அழைத்துப் போனார். நகை நட்டு என்று நினைத்து இறங்கினால், அங்கே நாலு காலில் நின்றது ஒரு பின்பால் யந்திரம்!

சாய்வான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் எஃகு உருண்டை. அது கீழே விழுந்துவிடாமல், பக்கத்துப் பொத்தான்களை அமுக்கிக் குட்டித் துடுப்புகளால் மேலே தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இந்தத் துடுப்புகளுடன் 1947-ல் வந்த 'ஹம்ப்டி டம்ப்டி' யந்திரத்தைச் செய்த காட்லீப் கம்பெனி இருந்ததும் சிகாகோதான். பின்பாலுக்குத் தாய்வீடே இந்த ஊர். நியூயார்க்கிலோ இது சூதாட்டம் என்று 1942-ல் தடை போட்டார்கள். மேயர் லாகார்டியாவே சம்மட்டி எடுத்து யந்திரங்களை நொறுக்கினார்! தடை நீங்கியது 1976-ல்.

இவர்கள் வீட்டில் இருப்பது 1992-ல் வெளிவந்து, 20,000-க்கு மேல் விற்ற 'ஆடம்ஸ் பாமிலி'. உள்ளே ஒரு பெட்டி திறக்கும். கை ஒன்று தனியாக வெளியே நீளும். காந்தத்தால் உருண்டையைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இத்தனை இருந்தும் அம்மாளுக்குத் திருப்தியில்லை. பேய், வௌவால், கல்லறை என்று குட்டிப் பொம்மைகளாக வாங்கி நிறுத்திக்கொண்டே இருக்கிறார். நம் கொலுப்படியில் இந்தத் தொல்லை கிடையாது. இங்கேயோ நடுவில் 80 கிராம் எஃகு பறந்துகொண்டிருக்கிறது! கணவர் போட்டிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: பலகையில் புதுத் துளை போடக் கூடாது. ஆகவே ஏற்கெனவே உள்ள திருகாணிகளில்தான் பொம்மைகளைப் பொருத்த வேண்டும். கண்ணாடியை மூடுமுன், உருண்டையைக் கையாலேயே எல்லா வழியிலும் உருட்டிப் பார்க்கிறார் அம்மாள். எங்காவது சிக்கினால் பொம்மைக்கு இடமாற்றம்தான்.

பூனை, அவருடைய தாயார் விட்டுப்போனது. ஆசையோடு அதை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் வைத்தாராம். "வேண்டாமே" என்றாராம் கணவர். மூன்றாவது ஆட்டத்தில் உருண்டை துள்ளி எழும்பியது. காது போயிற்று.

"நான் அப்போதே சொன்னேனே என்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்றார் அம்மாள். கணவர் அலமாரியில் எதையோ தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

இப்போது பூனை பின் மூலையில், உருண்டை எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து பல்பிலிருந்து கம்பி இழுத்து அதற்கென்று ஒரு சின்ன விளக்கு போட்டிருக்கிறார்கள். போட்டவர் கணவர்தான்.

"காதை ஒட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கிடைத்தால்தானே! யந்திரத்துக்குள்ளேதான் எங்கேயோ கிடக்கிறது."

நானும் ஒரு கை பார்த்தேன். மூன்று உருண்டைகளும் துடுப்புகளுக்கு நடுவே நேராக இறங்கிவிட்டன.