கங்கை நீர் சுமக்கும் தோள்கள்

இராமேசுவரத்திலிருந்து காசிக்குப் புறப்படும் அன்பருக்குச் சுமை பெரிதன்று. சேதுவில் எடுத்து, இலிங்கமாகப் பிடித்துப் பூசித்த மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்துவிடுவார். திரும்பும்போதுதான் பாரம். இராமநாத சுவாமியின் அபிஷேகத்துக்குக் கொணரும் கங்கை நீர் 10 லிட்டரானால் 10 கிலோ, துணிமணிகள் தனி.

முன்னோர் அதனைக் காவடியில் சுமந்து நடந்தே வந்தனர். பைத்தண் நகரத்து மகான் ஏகநாதர் அவ்வாறு சுமந்து வந்த நீரை, வழியில் தாகத்தால் துடித்த கழுதையின் வாயில் வார்த்தார் என்றும், அது இராமநாதரையே சேர்ந்தது என மகிழ்ந்தார் என்றும் மராட்டிய அடியார் வரலாறு கூறும்.

இன்று காவடியின் இடத்தில் முதுகுப்பை. வெறும் பையைக் கடையில் மாட்டிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை; உள்ளே எடை வைத்துச் சற்று நடந்து பார்த்தல் வேண்டும். தோள்வார் அகலமாக இருப்பதோடு, இடுப்பை இறுக்கும் பட்டையும் இன்றியமையாதது. பாரத்தின் பெரும்பங்கை இடுப்பெலும்பு ஏற்றால்தான் தோள் பிழைக்கும். நீர்க்கலம் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். புறத்தே தள்ளி வைத்தால் பின்னுக்கு இழுக்கும். முதியோர்க்கு, காசியில் அடைத்து விற்கும் சிறு செப்புச் செம்பே போதும் என்பேன். அளவு கேட்பவரா ஈசன்?

ஈரத்துணிக்குத் தனி அறையுள்ள பையாகவும் பார்த்துக்கொள்க. திருக்கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடியபின் உலர்ந்த ஆடை உடுத்தே சந்நிதிக்குச் செல்ல வேண்டும்.