கோலமும் கணிப்பொறியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் மாணவி, தேவாரம்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். கணிப்பொறித் திரையில் படம் வரையும் முறை அவற்றுள் இல்லை. ஆயினும் அம்முறை நம் வாசலிலேயே நாள்தோறும் நடக்கிறது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்.

ஜாவா மொழியின் 1.2 பதிப்புடன் 1998-இல் வந்தது 'ஸ்விங்' என்னும் தொகுப்பு. பொத்தான், பட்டியல் போன்றவை அதில் ஆயத்தமாக உண்டு. நமக்கென்று தனிப்படம் வேண்டுமானால் நாமே வரைய வேண்டும். 'கெட் கிராபிக்ஸ்' என்று தூரிகையைக் கேட்டு வாங்கி உடனே கோடிழுத்தாலும் படம் வரும். ஆனால் சாளரத்தின் அளவை மாற்றியதும் அது மறைந்துவிடும். ஏனெனில் திரை நம் படத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வேண்டும்போதெல்லாம் நம் பலகத்தை அழைத்து, "உன்னை வரைந்துகொள்" என்கிறது. அவ்வழைப்புக்கு விடை சொல்லும் இடம் 'பெயிண்ட் காம்பொனென்ட்' என்னும் செயற்கூறு.

நம் பலகம் 'ஜேபேனல்' என்னும் தாய் வகுப்பின் பிள்ளை. ஆதலால் முதல் வரியில் தாயின் செயற்கூறை அழைத்துப் பின்னணியைத் துடைக்க வேண்டும். பிறகு சேமித்து வைத்த புள்ளி விவரங்களைக்கொண்டு வரைய வேண்டும். விவரம் மாறினால் 'ரீபெயிண்ட்' என்று வேண்டுகோள் விடுத்தால் போதும். வரையும் நேரத்தைத் திரையே பார்த்துக்கொள்ளும்.

என் அன்னை பள்ளிப் படி மிதித்தறியாதவர். போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். விடியுமுன் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோலமிட்ட பின்பே கிளம்புவார். மாலைக்குள் கால்பட்டு அது அழிந்துவிடும். "அழிஞ்சு போகுதேம்மா" என்றால், "நாளைக்குப் போட்டாப் போச்சு" என்பார். கோலத்தின் புள்ளிக் கணக்கு அவர் நெஞ்சில் பத்திரமாக இருக்கிறது. இடம் குறுகினால் புள்ளியைக் குறைப்பார், கோலம் கோணாது.

இக்கணக்கை அறிஞர்களும் மதித்தனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கணிப்பொறிப் படவியல் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லையே" என்று இரங்குவோர் உண்டு. என் அன்னைக்கு ஜாவா தெரியாது. ஆனால் பெருக்கித் தெளித்தல், புள்ளியை மனத்தில் வைத்தல், அழிந்ததும் மீண்டும் இடுதல் என்ற மூன்றையும் அவரிடம் பார்த்தே வளர்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாடம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

என்னைப்போல் வந்திருக்கும் தோழர்களே, தோழியரே! பாடம் கடினமாகத் தோன்றினால், உங்கள் வீட்டார் அன்றாடம் செய்யும் தொழிலை ஒருமுறை கூர்ந்து பாருங்கள்.