சிவப்பு விளக்கின் சாட்சி

சிஞ்ச்வட்டில் பேனல் ஒயரிங் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. புனேயை ஒட்டி பிம்ப்ரி, ஆகுர்டி, போசரி என்று நீளும் தொழிற்பேட்டைகளை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் கான்டாக்டரும் ரிலேயும் சோறு போட்ட வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீடு ஒன்றில், கன்ட்ரோல் பேனல்களுக்கு ஒயர் இழுத்தே ஓய்வுபெற்ற ஒருவரின் சாப்பாட்டு மேஜையை இப்போது உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. மகனுடைய கிட்டார் பெடல். கடையில் வாங்கியது அல்ல, வீட்டிலேயே செய்தது.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டிதான் பெடல். கிட்டாரின் தெளிந்த நாதத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது இந்த வகையின் வேலை. (இதற்கு இத்தனை பாடா என்று அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது.) அமெரிக்காவில் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் 1962இல் வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை வைத்து 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டைப் பதிவு செய்த பிறகு உலகமே அந்தக் கரகரப்பைக் கேட்டது. நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி. விளக்கை உருவாக்கியதும் அதே 1962இல்தான். ஆனாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் சேர வருடங்கள் பிடித்தன. அதுவரை பெடல் ஓடுகிறதா இல்லையா என்பதற்குக் காதுதான் சாட்சி.

மகனுக்கு அந்த சாட்சி போதவில்லை. வார நாட்களில் கம்ப்யூட்டர் வேலை, வார இறுதியில் மெல்லிசைக் குழு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கிட்டார் மௌனமாக இருக்கும்போது, பெடல் எந்த நிலையில் கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிய காதல் பாட்டின் முதல் வரியே லாரி கியர் மாற்றும் சத்தத்தோடு கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடுவார்களா என்பது இப்படிப்பட்ட ஒரு வரியில்தான் தொங்குகிறது.

இன்னொரு கோளாறும் இருந்தது. பெடலை அணைத்து வைத்தாலும் கிட்டாரின் ஒலி மங்கியது. அவன் போட்டிருந்தது மூன்று கால் ஸ்விட்ச். அது வெளியே போகும் ஒலியை மட்டுமே மாற்றிவிடும். உள்ளே வரும் ஒயர் எப்போதும் சர்க்யூட்டோடு ஒட்டியே இருக்கும். கிட்டாரின் பிக்கப் என்பது மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். அதிலிருந்து வருவது பலவீனமான சிக்னல். அணைந்து கிடக்கும் சர்க்யூட்டும் அதில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ள, உச்ச ஒலிகள் முதலில் போய்விடுகின்றன.

இரண்டுக்கும் மருந்து ஒன்பது கால் ஸ்விட்ச். அதற்குள் மூன்று தனித்தனி ஸ்விட்சுகள் ஒரே மிதியில் சேர்ந்து புரளும். முதலாவது கிட்டாரை சர்க்யூட்டோடு சேர்க்கும் அல்லது பிரிக்கும். இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் பக்கம் அதையே செய்யும். அணைத்தால் ஒலி சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போய்விடும். மூன்றாவது விளக்குக்கு மட்டும்.

படத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மோட்டாரை ஓட்டும் கான்டாக்டரில் மூன்று முக்கிய கான்டாக்டுகள் மின்சாரத்தைச் சுமக்கும். பக்கத்தில் சிறிய துணை கான்டாக்ட் ஒன்று பேனல் விளக்கை எரியவிடும். "இதத்தானடா நான் காலம் பூரா போட்டேன்" என்றவர், அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "லைட் எரிஞ்சா என்னன்னு அர்த்தம்?"

பெடல் ஓடுகிறது என்று மகன் சொன்னான். இல்லை, மூன்றாவது ஸ்விட்ச் புரண்டிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். இரண்டாவதில் ஈயம் சரியாகப் பற்றாமல் விட்டிருந்தால் ஒலி செத்துக் கிடக்கும், விளக்கு ஜோராக எரியும்.

இது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, அதை இயக்கும் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே. வால்வு மூடிவிட்டதாக ஊழியர்கள் நம்ப, இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையப் பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

கிட்டார் பெட்டியில் எதுவும் உருகாது என்று மகன் சிரித்தான். ஸ்விட்ச் உருகும் என்றார் அப்பா. அது உண்மை. சால்டரிங் இரும்பைக் காலில் அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி கான்டாக்ட் கோணிக்கொள்ளும். ஒரு காலில் பற்றவைத்து, அது ஆறும்வரை எட்டத்தில் உள்ள இன்னொரு காலுக்குப் போவதுதான் முறை.

விளக்கின் ரெசிஸ்டரில்தான் இருவருக்கும் தகராறு. பேனல் பழக்கத்தில் அப்பாவுக்கு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் 1 கிலோ ஓம் போட்டால் சிவப்பு எல்.இ.டி. சுமார் 7 மில்லி ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் சர்க்யூட்டோ 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிழைத்துக்கொள்ளும். சாட்சிக்கு வாதியைவிட ஏழு மடங்கு படி! 4.7 கிலோ ஓம் என்று முடிவானது. மின்சாரம் ஒன்றரை மில்லி ஆம்பியராக இறங்கியும், மேடை இருட்டில் வெளிச்சம் போதும். பிறகு மிதிக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே வரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்ததும் அது அடங்கியது.

மூடியைத் திருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வந்தது. ஒன்பது கால்களையும் இரண்டு நிலையிலும் அப்பாவே சோதித்தார். விளக்கை அவர் பார்க்கவே இல்லை. "இப்ப வாசி" என்று மட்டும் சொல்லிவிட்டு, திருகுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.