வீட்டுப் பூனையும் காட்டுப் பூனையும்

வன்னிக் கிராமங்களிலே மாட்டைக் கருதியே வேலி அடைப்பர். பூனையைக் கருதி எவரும் அடைப்பதில்லை. வீட்டுப் பூனை இரவிலே வயலுக்குச் செல்லும். எலியை நாடிக் காட்டுப் பூனையும் அதே வரம்புக்கு வரும். குளக்கரையிலே மீன்பிடிப் பூனையும், பற்றைகளிலே உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்றான துருப்புள்ளிப் பூனையும், அடர்காட்டிலே சிறுத்தையும் உள. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இவ்வைந்து இனங்களிடையே வைரசுகள் பிரிந்தும் கலந்தும் கூர்ப்படைந்த வரலாறு, விலங்கியல் மாணவனான எனக்கு வெறும் பாடமாக இருந்ததில்லை.

2009 இல் இடம்பெயர்ந்த நாம் 2011 இல் ஒட்டுசுட்டான் பக்கத்து எமது ஊருக்கு மீண்டபோது, கிணற்றடிவரை காடு வளர்ந்திருந்தது. விட்டுச்சென்ற பூனைகளின் வழிவந்த ஒன்றை அம்மம்மா சோறு வைத்துப் பழக்கினார். அது ஈன்ற நான்கு குட்டிகளும் ஒரு கிழமைக்குள் மாண்டன. வாந்தி எடுத்தன, நீர்ச்சட்டியின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் கிடந்தன, நீரையோ பருகவில்லை. "கோழியைப் பிடிக்குமெண்டு ஆரோ நஞ்சு வைச்சிட்டினம்" என்றார் அம்மம்மா. அன்றோடு அயல்வீட்டாருடன் பேச்சு நின்றது. மீள்குடியேறிய குடும்பங்களோ ஏழு. அவற்றுள் இரண்டு ஒன்றையொன்று முகம் பாராதிருந்தன.

பூனைப் பார்வோ வைரசு பற்றி விரிவுரையிலே கேட்டபோது அக்குட்டிகளே கண்முன் நின்றன. விரைந்து பிரியும் கலங்களையே இவ்வைரசு நாடும். குடலின் உட்படையும் என்பு மச்சையும் சிதையும். வெண்குருதிக் கலங்கள் குன்றும். நஞ்சுண்டது போன்ற சாவு. பாழ்வீட்டு மண்ணிலும் ஓராண்டளவு தொற்றும் ஆற்றல் குன்றாதிருக்க வல்லது. விடுமுறையில் இதனை அம்மம்மாவுக்கு விளக்கினேன். முழுவதும் நம்பினாரோ அறியேன். ஆனால் அடுத்த தைப்பொங்கல் வேலிக்கு அப்பாலும் சென்றது.

இவ்வைரசின் நெருங்கிய உறவொன்று, புறவுறைப் புரதத்திலே நேர்ந்த சில மாற்றங்களால், நாயின் கலத்துட் புகும் திறனைப் பெற்றது. 1978 இல் இனங்காணப்பட்ட அது ஈராண்டுக்குள் உலகெங்கும் நாய்களிடையே பரவிற்று. முதலிற் பூனையைத் தொற்ற இயலாதிருந்த அதன் வழித்தோன்றல்கள், பின்னர் அவ்வாற்றலையும் மீளப் பெற்றன.

இத்துணை விரைவாக இனந்தாவும் வைரசு ஒருபுறமிருக்க, இடம்பெயராது தங்கிவிட்டதும் ஒன்று உண்டு. பூனை வெண்குருதிப்புற்று வைரசின் மூதாதை, கொறிணிகளிடமிருந்து வந்து, பூனைச் சாதியின் முன்னோரது நிறமூர்த்தங்களிலேயே குடிகொண்டது. ஆதலால் வீட்டுப் பூனையும் காட்டுப் பூனையும் அதன் எச்சங்களைப் பரம்பரைச் சொத்தாகச் சுமக்கின்றன. சிறுத்தையிடம் அவை இல்லை.

உறவு தொலைவாயினும் தொற்று நிற்பதில்லை. 2000களின் தொடக்கத்திலே புளோரிடாவில், வீட்டுப் பூனைகளின் வெண்குருதிப்புற்று வைரசு பூமாக்கள் சிலவற்றைக் கொன்றது. காட்டு விலங்கைப் பிடித்துத் தடுப்பூசி போட நேர்ந்தது. 2018 இல் குஜராத்தின் கீர்க் காட்டிலே 20 இற்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில கிழமைகளுள் இறந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரசு அவற்றிற் சிலவற்றிலே காணப்பட்டது.

எங்கள் ஊருக்கு விசர்நோய்த் தடுப்பூசியுடன் வருவோர் நாய்களுக்கு ஊசி போட்டுச் செல்கின்றனர். பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் உரியவை வவுனியாவுக்குப் போய்க் காசு கொடுப்போருக்கே கிட்டும். அந்நாய்களுள் ஒன்றிரண்டைச் சிறுத்தை தூக்கிச் செல்வதும் உண்டு.